சம்பா வயலில் நான்கு தலைகள்

என் தங்கை பூவிழியின் கணவர் இனியவனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். கெட்டவர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரையும் எடுத்தெறிந்து பேசியது கிடையாது. ஆரம்பசூரர், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் சேர்ந்தார், கடைசி வருடம் பாக்கியிருக்கும்போது அறுவடை மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டார். கொல்லையில் கோழிக் கொட்டகைக்கு நான்கு பக்கமும் சுவர் எழுப்பினார். கூரை இன்றுவரை வானம்தான். மீன் குட்டை வெட்டினார், அதில் மீனைத் தவிர எல்லாம் வளர்கிறது. கிடார் வாங்கி விரல் தோல் உரிய உரிய வாசித்தார், தோல் ஆறியதும் விட்டுவிட்டார். ஒவ்வொன்றையும் கைவிடும்போது கேட்பவர் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரு காரணம் வைத்திருப்பார். எனக்கு எரிச்சலே அந்தக் காரணங்கள் மேல்தான். வெறும் சோம்பேறி என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். நியாயம் பேசுகிற ஆளை என்ன செய்வது?

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டர். நாளெல்லாம் பாதி வழியில் இறங்குகிறவர்களைத்தான் பார்க்கிறேன். அவர்களாவது இறங்குகிற ஊருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். எங்கள் மாப்பிள்ளை எப்போதும் கடைசி ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நடுவில் இறங்கிக் கையாட்டுவார்.

அவர் பாதியில் விடாதது ஒன்றே ஒன்று உண்டு. அது கடைமடை. வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் எட்டுமா எட்டாதா என்று காத்துக் கிடக்கும் நிலத்துக்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். முத்துப்பேட்டை, கீழ்வேளூர் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து, அதையே பெயராக வைத்து ஒரு ராக் இசைக்குழு ஆரம்பித்துச் சென்னைக்குப் போனார்கள். தஹ்மீனா பாடுவார். அஹமது கபீருக்குக் கிடார், ரெங்கசாமிக்கு பேஸ் கிடார், உபைதுல்லாவுக்கு டிரம்ஸ். முறை வைத்து வரும் தண்ணீர், கரண்ட் இல்லாத ராத்திரி, சவூதியிலிருந்து வராத போன் என்று நம் வீட்டுச் சங்கதிகளைத்தான் பாடுவார்கள். ஆனால் காது கிழியும். "தகர டப்பாவ தெருவுல உருட்டுன மாதிரி இருக்கு" என்பது என் அம்மா அம்சத்தின் தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இனியவன் அறுவடை மெஷினின் கூண்டுக்குள் அவர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் வயல் வயலாக அறுப்பார். மெஷின் சத்தத்தையும் மீறி வேறு எந்தப் பாட்டு கேட்கும் என்று அதற்கும் ஒரு நியாயம். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை. புயல் வந்த வருடம் வேலையும் இல்லை, கரண்டும் இல்லை, தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. டிராக்டர் பேட்டரியில் போனை சார்ஜ் போட்டு அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே அவர் தெருத்தெருவாக மரம் அறுத்தார். "அந்த நாலு பேரும் அன்னைக்கு எங்கூட இருந்தாங்க மச்சான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

கடைமடை ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது என்று போன வருடம் செய்தி வந்தது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு நெல் திருவிழாவில், இலையே கத்தரிப்பூ நிறத்தில் வளரும் ஒரு பழைய நெல்லைப் பார்த்துவிட்டு வந்தார். பொன்னிப் பயிரின் பச்சைக்கு நடுவே அந்த நெல்லை நட்டு, நான்கு பேர் முகத்தையும் வயலிலேயே வரைவதாகத் திட்டம். தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே டிரோன் பறந்தால் முகம் தெரியும். இதற்கு எங்கள் அப்பாவின் வயல் வேண்டும்.

அப்பா இராஜாங்கம் பாதி ஆயுளை அடுத்தவர் வயலில் கழித்தவர். ரோட்டோரம் மூன்று மா நிலம் வாங்கிய பிறகு அதை அவர் வயலாக நடத்தவில்லை, சாமி அறையாக நடத்தினார். ஒரு கோரை தலை காட்டக்கூடாது. ஒரே வரிசையில் ஒரு நாற்று முன்னே பின்னே இருந்தால் சாப்பாடு இறங்காது. அந்த மனிதரிடம் போய் ராக் பாடகர்களின் மண்டையை நடப்போகிறேன் என்று கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் நான் அன்று லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். சாப்பிட்டு முடித்தார். "கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல மாப்ள எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. நடட்டும்" என்றார். எனக்குத்தான் ஏமாற்றம்.

மறுநாள் காலை பூவிழி என் பஸ்ஸில் ஏறினாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். டூட்டிக்குப் பாதி நாள் என் வண்டியில்தான் போவாள். கூட்டம் இறங்கியதும் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு டிரான்ஸ்ஃபர் எழுதிக் குடுத்திருக்கேன். கார்த்திகையில கவுன்சிலிங்."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லவும் கூடாது. இந்த வயலையும் அவரு பாதியில விட்டாருன்னா, பாப்பாவ கூட்டிக்கிட்டு நான் போயிடுவேன். சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு அலுத்துப் போச்சு. அவரு ஒவ்வொண்ணா விடறப்போ, அடுத்தது நானும் பாப்பாவுந்தானோன்னு இருக்கு."

"சொல்லிட்டா முடிச்சிடுவாருல்ல?"

"பயந்துக்கிட்டு முடிச்சா அது எனக்கு எதுக்கு?" என்றாள். அதற்குள் அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் விசில் அடிக்க மறந்து டிரைவரிடம் பேச்சு வாங்கினேன்.

அன்றிலிருந்து அந்த வயல் என் வயிற்றில் கிடந்தது. ஊருக்கு அது வேடிக்கை, மாப்பிள்ளைக்கு அது ஆசை, எனக்கு மட்டும் அது என் தங்கையின் குடித்தனம்.

நடவு நன்றாகவே நடந்தது. போனில் வரைந்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வயலில் குச்சி ஊன்றிக் கயிறு கட்டி, அதே கட்டங்களைச் சேற்றில் கொண்டுவந்தார். எங்கள் ஊர் நடவு ஆட்களுக்கு அம்மாதான் தலைவி. எத்தனையோ வருடமாக நேர் வரிசையில் பின்னோக்கிப் போய்ப் பழகிய பெண்கள், கயிற்றுக்கு உள்ளே கத்தரிப்பூ நாற்று, வெளியே பச்சை நாற்று என்று நட வேண்டியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே கண்டிப்பாகிவிட்டார்கள். "ஏய், மூக்குல ரெண்டு குத்து கூடுதலா வச்சிட்ட, எடு அத" என்று அம்மா அதட்டுவது ரோடுவரை கேட்டது. ஊர் முழுக்க வந்து வரப்பில் நின்று பார்த்தது. எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பற்றித் தெரியாத ஆடு மாடு கூட இல்லை.

கெட்டதும் அதனால்தான். ஐப்பசியில் களை எடுக்கும் நேரம். குறுவை அறுப்புக்கு மெஷினோடு இனியவன் மன்னார்குடிப் பக்கம் போயிருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் வேறு வயலில் மாட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்குக் களையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? பக்கத்து ஊரிலிருந்து ராசம்மாளையும் அவளுடைய ஆட்களையும் வரச்சொன்னார். "வயல் துடைச்ச மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சாவு வீட்டுக்குத் தலை காட்டப் போய்விட்டார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அறியாத மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ராசம்மாள் பல வருடம் விதைப்பண்ணையில் வேலை செய்தவள். அங்கே விதைக்காக வளர்க்கிற நெல்லில், நிறமோ உயரமோ மாறி ஒரு பயிர் நின்றால் அதற்குக் கலவன் என்று பெயர். கண்ணில் பட்ட உடனே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் மொத்த விதையும் கெட்டது. அந்தக் கை, ரோட்டோர மூலையில் வயலுக்குள் இறங்கியது. அந்த மூலையில்தான் உபைதுல்லா இருந்தார். வேறு வயலில் இருந்த அம்மா பார்த்து ஓடிவந்து தடுப்பதற்குள் அவர் முழுசாகப் போய்விட்டார்.

மத்தியானம் வண்டி கிளம்பும் நேரத்தில் அம்மா போன் செய்தாள். "தம்பி, ஒரு தலை போச்சுடா."

வாயிலிருந்த விசிலை எடுத்தேன். "யாரும்மா?"

"மோளம் அடிக்கிறவரு."

டூட்டி முடிந்து நான் போனபோது அந்த மூலை பொட்டலாக இருந்தது. பொட்டல் என்றால் அப்படி ஒரு சுத்தம். பிடுங்கியதைச் சுருட்டிக் காலால் சேற்றுக்குள் மிதித்து எருவாக்கியிருந்தார்கள். எடுத்துத் திரும்ப நடவும் வழியில்லை. ராசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"கலவன் கண்ணுல பட்டா எங்கை சும்மா இருக்காதுண்ணே" என்றாள் அப்பாவிடம். "நல்லா வெள்ளாம பண்றவரு வயல்ல இம்புட்டுக் கலவனான்னு உங்களுக்காக வெக்கப்பட்டுக்கிட்டேதான் பிடுங்குனேன்."

"அது கலவன் இல்ல ராசம்மா, படம்" என்றாள் அம்மா.

"வயல்ல எதுக்குப் படம்?"

அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிலம் வாங்கிய நாளிலிருந்து களை எடுத்ததற்காக அவர் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான்.

சாயங்காலம் இனியவன் வந்தார். வரப்பைச் சுற்றி வந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டூட்டியிலிருந்து நேராக வந்த பூவிழி, பையை மாட்டியபடியே ஓரமாக நின்றாள். அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க மாமா" என்றார். "மூணு தலையாவே இருக்கட்டும். டிரம்ஸ் வாசிக்கிறவரு மேடையிலயே பின்னாடிதான் இருப்பாரு, யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாரு. பாடறவங்க இருக்காங்கள்ல, அது போதும்."

வந்துவிட்டது, காரணம். எவ்வளவு நல்ல காரணம். மாமனார் மனசும் நோகாமல், பிடுங்கியவள் மனசும் நோகாமல். நான் பூவிழியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கி, உன் குடும்பம் போகப்போகிறதடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். தங்கை பேச்சை மீறி அதைச் சொன்னால், அவர் முடித்தும் பயனில்லை.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் அவர் பைக்கை எடுத்தார். மன்னார்குடியில் மெஷின் நிற்கிறது, போகிறேன் என்றார். அப்பா வயலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைக் சத்தம் தேய்ந்து போனது. போச்சு, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் வாய்க்காலில் இறங்கிக் குளித்தேன். தலை துவட்டி நிமிர்வதற்குள் பைக் திரும்பி வந்தது.

"என்ன மாப்ள, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ரயில்வே கேட் போட்டிருந்தான் மச்சான்" என்றார். வண்டியை ஸ்டாண்டு போடாமல் கால் ஊன்றி நின்றார். "ரயில் வரவே இல்ல. சும்மா நிக்கிறோமேன்னு பாட்டு கேட்டேன். அதுல நடுவுல எல்லாரும் நிறுத்திடுவாங்க, உபைதுல்லா மட்டும் அடிப்பாரு. அவரு ஒரு தட்டு தட்டுன பெறகுதான் மத்த மூணு பேரும் உள்ள வருவாங்க. அவரு இல்லன்னா எங்க தொடங்குறதுன்னே அவங்களுக்குத் தெரியாது. அவரைப் போயி யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாருன்னு சொல்லிட்டேனே." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மாமா, மழையில பயிர் அழிஞ்சா, நல்லா இருக்கற குத்தப் பிரிச்சு இல்லாத எடத்துல நடுவீங்கல்ல. இதுல அது ஆவுமா?"

கலைத்து நடுவது என்போம் அதை. எங்கள் பக்கம் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் செய்கிற வேலைதான். நடும்போது ஒன்றிரண்டாக இருக்கும் நாற்று, களை எடுக்கும் காலத்துக்குள் தூர் கட்டி ஒரு கைப்பிடி குத்தாகிவிடும். அதில் பாதியைப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலை, முதல்நாள் ஒருவருக்கும் தோன்றவில்லை. முகத்தை நட்டிருக்கிறோம் என்ற நினைப்பில், அது பயிர் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். நேராகத் தஹ்மீனாவின் கூந்தலுக்குப் போய், குனிந்து ஒரு குத்தைப் பிரித்துப் பார்த்து, "ஆவும் மாப்ள" என்றார்.

வளர்ந்து நிற்கும் பயிருக்குள் திரும்பவும் குச்சி ஊன்றிக் கயிறு கட்டுவது சாதாரண வேலை இல்லை. முதல் தடவை வேடிக்கை பார்த்த நான் இந்தத் தடவை கயிறு பிடித்தேன். அட்டை என்னை மட்டும்தான் கடித்தது. சேற்றில் இறங்காத கால் ருசியாக இருந்திருக்கும். தஹ்மீனாவிடம் கொஞ்சம், அஹமது கபீரிடம் கொஞ்சம், ரெங்கசாமியின் தாடியில் கொஞ்சம் என்று தூர் பிரித்துப் பிரித்து உபைதுல்லாவை நட்டோம். சேதி கேட்டு இரண்டாம் நாள் ராசம்மாள் தன் ஆட்களோடு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் நட்ட இடம்தான் இரண்டு கண்ணும். இனியவன் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் பார்த்து, கட்டை விரலால் சேற்றைத் துடைத்துத் திரும்பப் பார்த்து, அந்தத் தலையின் கடைசிக் குத்தைத் தானே ஊன்றினார்.

அதற்குப் பிறகு வந்தது மழை. ஊன்றிய தூர் வேர் பிடிப்பதற்குள் வயல் முழுக்கத் தண்ணீர். விடிந்ததும் மண்வெட்டியோடு போய் வடிகாலைத் திறந்துவிடுவதே அவருக்கு வேலையானது. மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நானோ பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணாடியில் மழை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து வெந்தேன். நாகப்பட்டினம் கேட்டவருக்குத் திருவாரூர் டிக்கெட் கிழித்தேன். எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்காத நான், உபைதுல்லாவின் காது அழுகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கார்த்திகை வந்தது, போனது. கவுன்சிலிங் பற்றிப் பூவிழியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் வானம் வெளுத்தது. கீழ்வேளூரிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் டிரோன் கொண்டுவந்தார். வயலைச் சுற்றி ஊரே நின்றது. டிரோன் மேலே போகப் போக, அவர் கையிலிருந்த சின்னத் திரையில் முதலில் வெறும் கறைகள், பிறகு ஒரு தாடி, ஒரு கூந்தல். பிறகு நான்கு முகங்கள். அஹமது கபீரின் மூக்கு கோணல். உபைதுல்லா மற்றவர்களைவிடச் சற்று வெளிர். ஆனால் இருந்தார். முழுசாக இருந்தார். ராசம்மாள் நட்ட கண்கள் இரண்டும் எங்களையே பார்த்தன.

"இந்தப் பொண்ணு ஏன் பல்லு வலிக்காரி மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா.

"பாடறாங்க அத்தை" என்றார் இனியவன்.

அப்பா திரையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "களை இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

நடந்ததையும் எழுதி வீடியோவை இணையத்தில் போட்ட மறுநாளே உபைதுல்லா இனியவனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். நாங்கள் எல்லோரும் வரப்பில் சுற்றி நின்று கேட்டோம். "இருபது வருஷமா பின்னாடியே உக்காந்திருக்கேன். மத்த மூணு பேருகிட்டேர்ந்தும் பிச்சு என்னை நட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். இங்க மூணு பேரும் இப்போ அதச் சொல்லிச் சொல்லியே என்னை வேலை வாங்குறாங்க" என்று சிரித்தார். பின்னால் யாரோ கிடார் மீட்டுவது கேட்டது. இனியவன் அதைத் திரும்பக்கூடப் போடவில்லை. வடிகாலில் வைக்கோல் அடைத்திருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு பூவிழியும் நானும்தான் வரப்பில் நின்றோம். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தஞ்சாவூரு என்னாச்சு?" என்றேன்.

"நான் கவுன்சிலிங்குக்கே போகலண்ணே."

"மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சே. பயிரு தேறுமான்னே அப்போ தெரியாதே."

"பயிருக்காக யாரு பாத்தா? அன்னைக்கு அம்மா போன் பண்ணி, மாப்ள கேட்லேர்ந்து திரும்பி வந்து வயல்ல எறங்கிட்டாருன்னாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். மழையில எல்லாம் அழுகிப் போயிருந்தாலும் போயிருக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடிப்பாவி, ஐப்பசியிலயே தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? கார்த்திகை பூரா நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்."

"சொன்னா நீ அவருகிட்ட ஒளறியிருப்ப" என்றாள். "அவரா செய்யட்டும்னு விட்டேன். செஞ்சாருல்ல." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாரம் இறக்கிய மாட்டைப் போல ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வடிகாலில் குனிந்திருந்த இனியவன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மச்சான், உக்காந்துட்டீங்க? கபீர் மூக்கு ரொம்பக் கோணலா இருக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். "முடிச்சிட்டீங்கள்ல மாப்ள."